பிரேக் இன்ஸ்பெக்டருக்கு உள்ள அதிகாரம் ஜெயிலைப் பார்க்கப் போகிறவருக்கு இல்லையே!

திருச்செங்கோடு, லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பெயர் போன ஊர். இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். எப்.சி.க்குப் போகிற வண்டியை அவர் பார்ப்பார். பிரேக் பிடிக்கவில்லை என்றால், "சரி பண்ணிக்கிட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பி விடுவார். எப்.சி. இல்லாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. முதலாளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அதுதான் சட்டம்.

கடை வீதிக்கு, தராசைப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். முத்திரை இல்லாத எடைக்கல்லைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. ஓட்டலுக்கு உணவு பாதுகாப்பு அதிகாரி வருகிறார். கெட்டுப்போன சரக்கை அழிக்கச் சொல்ல அவரால் முடியும். ஆளைக் கொல்லக்கூடிய மெஷினை நிறுத்தச் சொல்ல பாக்டரி இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆனால், நூற்றுக்கணக்கான மனிதர்களைப் பூட்டி வைக்கிற ஜெயிலைப் பார்க்கப் போகிறவருக்கு என்ன அதிகாரம்? ஒரு நோட்டு, ஒரு பேனா. பார்த்ததை எழுதலாம். எழுதி விட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் நடப்பதும் நடக்காததும் ஜெயிலை நடத்துகிறவர்கள் கையில்!

லாரியின் பிரேக்குக்கு இருக்கிற மரியாதை மனித உயிருக்கு இல்லையா? இதுதான் கேள்வி.

"தப்புப் பண்ணினவனுக்கு என்னங்க?"

"தப்புப் பண்ணினவன் உள்ளே போறான். அவனுக்கு என்னங்க பாதுகாப்பு?" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

ஜெயிலில் இருப்பவர்கள் எல்லோரும் தப்பு செய்தவர்கள் அல்ல. இந்தியா முழுவதும் ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய 4-ல் 3 பங்கு பேர் விசாரணை கைதிகள். 2022-ம் ஆண்டின் சர்க்கார் கணக்கே இதைச் சொல்கிறது. இவர்கள் மீது இன்னும் தீர்ப்பு வரவில்லை. நாளைக்கே "குற்றமற்றவர், விடுதலை" என்று கோர்ட்டு சொல்லலாம். ஆனால் அதுவரை களி உள்ளேதான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து டிரைவரும், போர்வெல் ரிக் வண்டி ஆட்களும் ஆந்திரா, மராட்டியம், சத்தீஷ்கர் என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் போதும். பாஷை தெரியாத ஊரில் ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாமல் உள்ளே இருக்க நேரிடும். தறி முதலாளி கணக்கில் தகராறு, சீட்டுப் பணத்தில் சண்டை, வரப்புத் தகராறு - எதில் வேண்டுமானாலும் யார் மீது வேண்டுமானாலும் ஒரு வழக்கு வரலாம். உள்ளே போகிறவன் யாரோ ஒருவன் என்று நினைக்கிற வரைதான் இது அடுத்த வீட்டுச் சங்கதி.

தண்டனை பெற்ற கைதியே ஆனாலும், கோர்ட்டு கொடுத்த தண்டனை அடைத்து வைப்பதுதான். அடிப்பது தண்டனையில் சேர்ந்தது அல்ல. "3 வருஷம்" என்று எழுதிய நீதிபதி, "தினமும் 4 உதை" என்று எழுதவில்லை.

பார்க்கப் போவது யார்?

ஜெயிலைக் கவனிக்க ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. ஏட்டில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள்.

முதலில் சிறைத்துறையின் சொந்த அதிகாரிகள். 1894-ம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சிறைச் சட்டம், ஜெயில்களின் தலைமை அதிகாரிக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று பெயர் வைத்தது. பெயரில்தான் இன்ஸ்பெக்டர். வேலையோ ஜெயில்களை நடத்துவது. நடத்துகிறவரே சோதனையும் போட்டால் என்ன ஆகும்? பரீட்சை எழுதுகிற பையனே பேப்பரைத் திருத்தி மார்க்கும் போட்டுக்கொள்கிற கதைதான்.

அடுத்தது, வெளியே இருந்து வருகிற பார்வையாளர்கள். 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் பதவியின் பேரில் பார்வையாளர்கள். இவர்கள் தவிர, சர்க்கார் நியமிக்கும் பொதுமக்கள் சிலரும் உண்டு. இவர்கள் ஜெயிலுக்குள் போகலாம். கைதிகளிடம் குறை கேட்கலாம். பார்வையாளர் புத்தகத்தில் குறிப்பு எழுதலாம்.

பிறகு? அந்தக் குறிப்பை ஜெயில் சூப்பிரண்டு தன் விளக்கத்துடன் மேலிடத்துக்கு அனுப்புவார். யார் மீது புகாரோ, அவருடைய அலுவலகம் வழியாகவே புகார் போகிறது!

மூன்றாவது, மனித உரிமை கமிஷன். 1993-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த இந்த கமிஷன், முதலில் மாநில சர்க்காருக்குத் தகவல் சொல்லி விட்டுத்தான் ஜெயிலுக்குள் போக முடியும் என்று இருந்தது. "வருகிறோம்" என்று சொல்லி விட்டு வந்தால் என்ன தெரியும்? டி.இ.ஓ. வருகிற நாளில் ஸ்கூலில் தோரணம் கட்டுவது போலத்தான். 2006-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்த நிபந்தனையை எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பார்த்து முடித்த பிறகு கமிஷன் செய்யக்கூடியது சிபாரிசு. அந்தச் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டின் 3 நீதிபதிகள் சேர்ந்து சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்லும் வரை சிபாரிசுக் காகிதத்தின் கதி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதுவும் அப்படித்தான்.

வேலூரில் 95 நாள்

இது பழைய கதை அல்ல. 2024-ம் ஆண்டில் வெளிவந்தது.

வேலூர் மத்திய சிறையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஆயுள் கைதி. அவரை சிறைத்துறை டி.ஐ.ஜி. வீட்டு வேலைக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் பல லட்ச ரூபாய் காணாமல் போனதாகப் புகார். கைதி மீது சந்தேகம். அவரை அடித்து உதைத்து, 95 நாள் தனிக் கொட்டடியில் பூட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

தனிச் சிறை என்பது விளையாட்டு அல்ல. கோர்ட்டே உத்தரவு போட்டாலும் ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது. மொத்தம் 3 மாதத்தைத் தாண்டக்கூடாது. இங்கே கோர்ட்டு உத்தரவும் இல்லை, கணக்கும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது யார்? பார்வையாளர் குழுவா? இல்லை. கமிஷனா? இல்லை. கைதியைப் பெற்ற தாய்! அவர் சென்னை ஐகோர்ட்டில் மனு போட்டார். ஐகோர்ட்டு, வேலூர் தலைமை ஜுடீசியல் மாஜிஸ்திரேட்டை நேரே ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னது. மாஜிஸ்திரேட்டு போனார். கைதியைப் பார்த்தார். பேசினார். அறிக்கை கொடுத்தார். உடனே சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவு. 2024 செப்டம்பரில் டி.ஐ.ஜி. உள்பட 14 பேர் மீது வழக்குப் பதிவு. டி.ஐ.ஜி. சஸ்பெண்டு செய்யப்பட்டார். கைதி நம்ம சேலம் ஜெயிலுக்கு மாற்றப்பட்டார்.

குற்றம் நிரூபணம் ஆவது கோர்ட்டின் வேலை. ஆனால் 2 விஷயத்தை இப்போதே கவனிக்கலாம்.

ஒன்று, டி.ஐ.ஜி. என்பவர் தன் சரகத்து ஜெயில்களை மேற்பார்வை பார்க்க வேண்டியவர். சோதனை போட வேண்டியவர் மீதே புகார் வந்தால், உள்ளே இருக்கிற கைதி யாரிடம் போய்ச் சொல்வான்?

இரண்டு, அதே ஜெயில், அதே கொட்டடி, அதே கைதி. 95 நாள் வெளியே தெரியாத சங்கதி, மாஜிஸ்திரேட்டு ஒருவர் உள்ளே போய் வந்ததும் தெரிந்து விட்டது. காரணம், அவர் கையில் ஐகோர்ட்டின் உத்தரவு இருந்தது. அவர் எழுதியது மேஜை டிராயருக்குப் போகவில்லை. நேரே ஐகோர்ட்டுக்குப் போனது. பார்க்கிறவனுக்குப் பின்னால் பலம் இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் கதவு இருந்த மாதிரியே இருக்கும்.

சேலத்தில் செத்த 22 பேர்

திருச்செங்கோடு சேலம் ஜில்லாவில் இருந்த காலம். 1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசு ஆனது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு என்று அரசியல் சட்டம் சொன்னது. அதற்கு 16-வது நாள், பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கி வெடித்தது. கம்யூனிஸ்டு கைதிகள் 22 பேர் செத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். செத்தவர்களில் பெரும்பாலோர் மலபார் பகுதி விவசாயிகள். மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்ததால் சேலத்துக்குக் கொண்டு வரப்பட்டவர்கள்.

"எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள், கிரிமினல் கைதி வேலை வாங்காதீர்கள்" என்பதுதான் அவர்களுக்கும் ஜெயில் அதிகாரிகளுக்கும் இருந்த தகராறு. தகராறு ஒரே நாளில் முளைக்கவில்லை. முற்றிக்கொண்டே வந்தது. நடுவிலே ஒரு ஆள், இரண்டு தரப்பையும் கேட்டு, "இதை நிறுத்து, அதைக் கொடு" என்று சொல்லக்கூடிய அதிகாரத்தோடு உள்ளே போயிருந்தால் 22 குடும்பங்கள் அழுதிருக்க வேண்டியது இல்லை.

திருச்செங்கோட்டுக்கு ஜெயில் கதை புதிது அல்ல. பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அதற்கு 4 வருஷத்துக்கு முன்பு வேலூர் ஜெயிலில் 3 மாதம் இருந்தவர். அங்கே நடந்ததைத் தினமும் எழுதி வைத்தார். அது புத்தகமாகவும் வந்தது. ஜெயிலுக்குள் இருப்பது என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்தது, உள்ளே போய் வந்த பெரிய மனிதர்கள் எழுதியதால்தான். சாதாரணக் கைதிக்கு அந்த வசதி ஏது?

பெரிய மனிதர்களுக்கே பாதுகாப்பு இல்லாத காலமும் வந்தது. நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31-ந் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பிடிபட்டவர்கள் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்திலேயே அவர்கள் மீது கண்மண் தெரியாமல் அடி விழுந்தது. மு.க.ஸ்டாலின் மீது விழுந்த அடியைத் தன் உடம்பில் தாங்கியவர் முன்னாள் மேயர் சிட்டிபாபு. அவர் 1977 ஜனவரியில் காலமானார். பிறகு நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. அடித்தது உண்மை என்று வெளியே வந்தது.

எப்போது வந்தது? எல்லாம் முடிந்த பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! விசாரணை கமிஷன் செத்தவர்களுக்கு நியாயம் சொல்லும். உயிரைக் காப்பாற்ற அதற்கு முன்பே ஒருவர் போக வேண்டும்.

வெலிக்கடையில் நடந்த கொடுமை

போனால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. இலங்கையில் நடந்ததைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

1983 ஜூலை 25-ந் தேதி கொழும்பு வெலிக்கடை ஜெயிலுக்குள் தமிழ்க் கைதிகள் 35 பேர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட்டு வந்தார். விசாரணை நடந்தது. வாக்குமூலம் எழுதப்பட்டது. தப்பிப் பிழைத்த கைதிகளை வேறு ஜெயிலுக்கு மாற்றினார்களா? இல்லை. அதே வெலிக்கடையிலேயே வைத்திருந்தார்கள். 27-ந் தேதி மறுபடியும் தாக்குதல். இன்னும் 18 பேர் பிணமானார்கள். மொத்தம் 53. மீதி இருந்தவர்களை மட்டக்களப்பு ஜெயிலுக்கு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

நடுவில் ஒரு நாள் முழுசாக இருந்தது. "இவர்களை இன்று ராத்திரிக்குள் இங்கிருந்து மாற்று" என்ற ஒரே ஒரு உத்தரவு நடந்திருந்தால் 18 உயிர் பிழைத்திருக்கும். எழுதிக்கொண்டு போவதற்கும் காப்பாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 18 பேர்.

கடிதத்தில் வந்த தீர்ப்பு

நம் நாட்டு சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. டெல்லி திகார் ஜெயிலில், பணம் கேட்டு ஒரு வார்டர் ஒரு கைதியைத் தடியால் கொடுமை செய்தார். பக்கத்தில் இருந்த கைதி சுனில் பாத்ரா, சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, ஸ்டாம்பு இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 2 வக்கீல்களை ஜெயிலுக்குள் அனுப்பிப் பார்த்து வரச் சொன்னார்கள்.

1979 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். இவர் 1957-ல் கேரளாவில் சிறைத்துறையைக் கவனித்த மந்திரி. அதற்கு முன்பு 1948-ல் தானே ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர். இரண்டு பக்கமும் தெரிந்த மனிதர்.

அவர் சொன்னது என்ன? மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் ஜெயிலுக்குப் போக வேண்டும். கைதிகள் பயம் இல்லாமல் குறை சொல்ல வழி செய்ய வேண்டும். ஜெயிலில் மனுப் பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டி நீதிபதி, கலெக்டர் உத்தரவின் கீழ் இருக்க வேண்டும். வக்கீல்கள் கைதிகளைத் தனியாகப் பார்க்க அனுமதிக்க வேண்டும்.

பிறகு 2013-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி.லகோத்தி, நாட்டில் 1382 ஜெயில்கள் இருக்கிற நிலைமை பற்றி சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அதுவும் வழக்காக மாறியது. பார்வையாளர் குழுக்களை அமையுங்கள், பொதுமக்களில் தகுதியானவர்களைச் சேருங்கள் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் சொன்னது. 1979-ல் சொன்னதை 38 வருஷம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டி இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று விளக்கம் தேவை இல்லை.

3 வாசல் தாண்டிய சாவு

கடைக்காரர்கள் மறக்க முடியாத சம்பவம் சாத்தான்குளம். 2020 ஜூன் 19-ந் தேதி, ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் செல்போன் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஜெயராஜையும், அவரைத் தொடர்ந்து மகன் பென்னிக்சையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். ராத்திரி முழுவதும் அடி. மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினார்கள். மாஜிஸ்திரேட்டு ரிமாண்டு செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்த்தார்கள். 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். 23-ந் தேதி காலை தந்தை இறந்தார்.

டாக்டர், மாஜிஸ்திரேட்டு, ஜெயில் - இப்படி 3 வாசல். எந்த வாசலிலாவது ஒருவர், "உடம்பெல்லாம் காயமாக இருக்கிறதே, முதலில் ஆஸ்பத்திரியில் சேருங்கள்" என்று கறாராகச் சொல்லி நிறுத்தி இருந்தால்? அதிகாரம் அந்த 3 பேருக்கும் இருந்தது. பயன்படவில்லை.

பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். ஐகோர்ட்டு மதுரை கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு, சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனார். அங்கே அவருக்கு ஒத்துழைப்பு இல்லை. கேமரா பதிவு அழிந்து போயிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் அவரையே மரியாதைக் குறைவாகப் பேசினார். மாஜிஸ்திரேட்டுக்கே இந்த கதி!

அவர் சும்மா இருக்கவில்லை. ஐகோர்ட்டுக்கு எழுதினார். ஐகோர்ட்டு, அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் கொண்டு வரும்படி உத்தரவு போட்டது. அப்புறம்தான் சாட்சி பேசியது. ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் ஏட்டு ரேவதி, கண்ணால் கண்டதைத் துணிந்து சொன்னார். சி.பி.ஐ. விசாரித்து போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது.

வேலூரும் சாத்தான்குளமும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பார்க்கப் போகிறவருக்குப் பின்னால் உத்தரவு போடுகிற கை இருந்தால் உண்மை வெளியே வரும். சாட்சிக்கும் தைரியம் வரும்.

வார்டருக்கும் இதுதான் பாதுகாப்பு

"இப்படி ஆளாளுக்கு ஜெயிலுக்குள் புகுந்தால் கட்டுப்பாடு என்ன ஆவது? ரவுடிகளையும் கொலைகாரர்களையும் வைத்து மேய்க்கிறவர்களுக்குத்தானே கஷ்டம் தெரியும்?" என்று ஜெயில் சிப்பந்திகள் கேட்கலாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு, ராப்பகலாக, பூட்டுக்கு உள்ளேயே வாழ்கிறவர்கள் அவர்களும்தான்.

ஆனால் 1999 நவம்பர் 17-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மத்திய சிறையில் இருந்த பாக்சர் வடிவேலு ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வந்தது. ஜெயிலில் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். உள்ளே புழுங்குகிற சந்தேகத்தைக் கேட்க நம்பகமான வெளியாள் ஒருவர் இல்லாவிட்டால், அது ஒரு நாள் தீயாகத்தான் வெளியே வரும். அந்தத் தீ வார்டர் என்றும் கைதி என்றும் பார்க்காது.

ஒழுங்காக வேலை செய்கிற ஜெயிலருக்குப் பார்வையாளரால் நஷ்டம் இல்லை. பொய்ப் புகார் வந்தாலும், "வந்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை" என்று சொல்ல அவருக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. சரியான எடைக்கல் வைத்திருக்கும் வியாபாரிக்கு இன்ஸ்பெக்டரைக் கண்டு என்ன பயம்?

28 நாள் கெடு

இங்கிலாந்தில் ஜெயில்களுக்கு ஒரு தலைமை இன்ஸ்பெக்டர் இருக்கிறார். இவர் சிறைத்துறை ஆள் அல்ல, தனி ஆள். 1981-ல் வந்த பதவி. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல்தான் உள்ளே போவார். அறிக்கையை மறைக்காமல் வெளியிடுவார்.

அங்கேயும் ரொம்ப காலம் அறிக்கை வருவதும் தூசி படிவதுமாகத்தான் இருந்தது. 2017-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். ஒரு ஜெயில் மிக மோசமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் மந்திரிக்கு அவசர நோட்டீசு கொடுக்கலாம். அது பகிரங்கமாக வெளிவரும். என்ன செய்யப் போகிறோம் என்று மந்திரி 28 நாளுக்குள் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் பர்மிங்காம் ஜெயிலுக்கு இப்படி நோட்டீசு கொடுத்தார். அந்த ஜெயிலை நடத்தி வந்தது ஒரு தனியார் கம்பெனி. சர்க்கார் அதைக் கம்பெனியிடம் இருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த இன்ஸ்பெக்டருக்கும் ஜெயிலைப் பூட்டும் அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு தேதி இருக்கிறது. பதில் சொல்லியே தீர வேண்டும் என்கிற கட்டாயம் இருக்கிறது. நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்கிற வெட்கம் இருக்கிறது. அந்த மூன்றும் சேர்ந்து வேலையை முடிக்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

கோடி கோடியாகச் செலவு செய்யச் சொல்லவில்லை. 5 காரியம் போதும்.

1. பார்வையாளர் முன்கூட்டித் தகவல் சொல்லாமல் போக வேண்டும். பகலில் மட்டும் அல்ல, ராத்திரியிலும்.

2. கைதியிடம் பேசும்போது வார்டரோ ஜெயிலரோ காது கேட்கிற தூரத்தில் நிற்கக்கூடாது. பேசிய கைதிக்கு மறுநாள் உதை விழாமல் இருக்க, ஒரு வாரத்துக்குள் அதே பார்வையாளர் அதே கைதியை மறுபடியும் பார்க்க வேண்டும்.

3. பார்வையாளரின் குறிப்பு சூப்பிரண்டு வழியாகப் போகக்கூடாது. ஒரு காப்பி நேரே மாவட்ட நீதிபதிக்கும் ஐகோர்ட்டுக்கும் போக வேண்டும்.

4. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அங்கேயே, அப்போதே 2 உத்தரவு போட அதிகாரம் வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பு", "இந்த இடத்தில் இருந்து மாற்று". பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்துகிற மாதிரி.

5. ஒவ்வொரு குறிப்புக்கும் சர்க்கார் 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதிலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

பொதுமக்களில் இருந்து பார்வையாளர்களை நியமிக்கும்போது, கட்சிக்காரருக்குக் கொடுக்கிற அலங்காரப் பதவியாக அது ஆகி விடக்கூடாது. ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர், டாக்டர், நர்ஸ், வக்கீல் என்று நாலு பேர் மதிக்கிற ஆட்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இல்லாமல் போய் விடவில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

அதுவரை, உள்ளே ஒருவர் இருக்கிற குடும்பத்தினர் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போக வேண்டும். பிடித்த செய்தியை உறவினருக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இது சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் சொன்னது. காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டு முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். "காயம் இருக்குதுங்க அய்யா" என்ற ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்.

காவலில் இருக்கிற யாருக்கும், ஏழையோ பணக்காரரோ, 1987-ம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல் இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். மனு போட்டுப் பார்க்கப் போகும்போது முகத்தை மட்டும் பார்த்து விட்டு வராமல், கை கால், நடை, பேச்சு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட நீதிபதிக்கு ஒரு கடிதம். திகார் வழக்கு ஒரு கடிதத்தில்தான் ஆரம்பித்தது. வேலூர் வழக்கு ஒரு தாயின் மனுவில் ஆரம்பித்தது.

ஆனால் எல்லாக் கைதிக்கும் கடிதம் எழுதத் தெரிந்த நண்பன் இல்லை. எல்லாத் தாய்க்கும் ஐகோர்ட்டு வாசல் வரை போக பஸ் சார்ஜு இல்லை. அந்தத் தாய் செய்த வேலையைச் செய்யத்தான் பார்வையாளர் என்று ஒருவரைச் சட்டம் வைத்திருக்கிறது. அவர் கையில் இருக்கிற பேனாவுக்கு சர்க்கார் கொஞ்சம் பலம் கொடுக்கட்டும். மாவட்ட நீதிபதிகளும் கலெக்டர்களும் இந்த மாதமே, சொல்லாமல் ஒரு நாள், சேலம் ஜெயில் கதவைத் தட்டட்டும்.